கடைமடைத் தண்ணீரும் கீழ் தர்மாமீட்டரும்

கணக்கு அப்படியே பொருந்திவிட்டது என்று யாராவது ஓடி வந்து சொன்னால் நான் இன்னமும் சந்தேகமாகத்தான் பார்ப்பேன். சமீபத்தில் உங்களில் ஒருவர் அப்படித்தான் வந்தார். நெல் வயலிலிருந்து எவ்வளவு தண்ணீர் ஆவியாகப் போகிறது என்று வெப்பக் கணக்குப் போட்டாராம், வரவும் செலவும் துல்லியமாக நின்றதாம். நடுவில் எங்காவது கை வைத்தீரா என்று கேட்டேன். பொருந்தாத சில அளவுகளை மட்டும் திருத்திக்கொண்டேன் என்றார். நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை. நான் பதில் பேசாமல் எழுந்து போனதும் அவர் முகம் வாடிப் போனதாகச் சொன்னார்கள். அவருக்கு அன்று சொல்லாத பதிலை இப்போது உங்கள் எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, பூந்தமல்லி போகிற திசையில் வண்டிப் பாதையைப் பிடித்து நடந்தால் ஓர் ஏரி வரும். அதன் பாசன வயல்களுக்கு நடுவே முள்வேலி போட்ட ஒரு சின்ன இடம்தான் எங்கள் அளவு நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் சொல்லப் போகிறவர்களின் பேரப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள், என் மேல் சண்டைக்கு வருவார்கள்.

உங்களிடம் இருக்கிற கருவிகளைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு ஒரு கம்பம். அதில் பயிரின் தலைக்குச் சற்று மேலே ஒரு தர்மாமீட்டர், ஆள் உயரத்துக்கும் மேலே இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், காற்றின் ஈரத்தைப் பார்க்க, ஈரத்துணி சுற்றிய இன்னொன்று. மண்ணுக்குள் புதைத்த தர்மாமீட்டர் ஒன்று. வெயிலைப் பிடிக்க ஒரு கண்ணாடிக் குண்டு, அது தன் பின்னால் இருக்கிற அட்டையைச் சுட்டுக் கோடு போட்டுக்கொண்டே போகும். அந்தக் கருகல் வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாலையில் அட்டையை உருவி முகர்ந்து பார்க்காமல் உள்ளே வைத்ததில்லை. அந்த நாட்களில் எனக்கு அது ஒன்றே போதுமான சந்தோஷமாக இருந்தது.

கணக்கின் அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். சூரியன் கொடுக்கிற வெப்பத்துக்கு மூன்று செலவு. கொஞ்சம் மண்ணைச் சுடவைக்கும், கொஞ்சம் காற்றைச் சுடவைக்கும், மிச்சமெல்லாம் தண்ணீரை ஆவியாக்கும். மண்ணுக்கும் காற்றுக்கும் போனதைக் கழித்தால் பயிர் குடித்து வானத்துக்கு விட்ட தண்ணீர் தெரிந்துவிடும். காற்றுக்கு எவ்வளவு போனது என்பதை அந்த இரண்டு தர்மாமீட்டர்களுக்கும் உள்ள வித்தியாசம் சொல்லும். பகலில் தரை சூடு, அதனால் கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் காட்ட வேண்டும். அப்படித்தான் காட்டும், அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு மேலே ஒருவர் இருந்தார். பெரிய சார் என்று கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் போட்ட பிச்சை. வேர்க்கடலை வாங்கினால் முதலில் எல்லாவற்றையும் மேஜையில் கொட்டி, சொத்தையைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் ஒன்றை வாயில் போடுவார். வயலில் நான் எடுத்து வருகிற அளவுகளைச் சாயங்காலம் உட்கார்ந்து சுத்தப் பிரதி எடுப்பது அவர் வேலை. கோடு கோணாமல், மை சிந்தாமல் எழுதுவார். அந்தப் பிரதியைத்தான் மேலிடம் பார்க்கும்.

அந்த வருஷம் மழை விசித்திரமாகப் பெய்தது. எங்கள் ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது, சுற்றியிருந்த ஏரிகளிலெல்லாம் ஆடு மேய்ந்தது. சித்திரையில் சொர்ணவாரிப் பட்டத்து நடவு நடந்தபோது எங்கள் ஏரி பாய்கிற ஆயக்கட்டு வயல்கள் மட்டும் பச்சை. மேற்கே கண்ணுக்கு எட்டியவரை தரிசு. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காக மரங்களை வேறு வெட்டித் தள்ளியிருந்தார்கள். பகலில் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும். சாயங்காலம் கடல் காற்று வந்து சேர்ந்ததும் சட்டையெல்லாம் ஒருமுறை பொங்கி அடங்கும், அப்போதுதான் மனிதனுக்கு உயிர் வரும். பட்டணத்துக்காரர்களுக்கு அது சீக்கிரமே வந்துவிடும், நாங்கள் காத்திருக்க வேண்டும்.

பயிர் வேர் பிடித்த பிறகுதான் தகராறு ஆரம்பித்தது. மதியம் நான் எழுதி வருகிற அளவைப் பார்த்துப் பெரிய சார் தலையில் அடித்துக்கொள்வார்.

"மறுபடியும் மேலதைக் கீழேயும் கீழதை மேலேயும் எழுதியிருக்கே. கவனம் எங்கே போச்சு தம்பி?"

"இல்ல சார், கீழேதான் குறைச்சலா காட்டுது."

"நட்ட நடு வெயில்ல தரை காத்தை விடக் குளிர்ச்சியா இருக்குமா? சாயங்காலம் எழுதினது சரியாத்தானே இருக்கு? மதியம் பசி மயக்கத்துல எழுதறே. சாப்பிட்டுட்டுப் போ."

பிரதியில் இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிடுவார். சில நாள் கழித்து என் கண்ணின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. அவரைப் போன்ற ஒருவர் தப்பு உன்னுடையது என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் யாருக்குத்தான் போகாது?

இதற்கிடையில் வயலில் வேறு ஒன்று நடந்தது. எங்கள் கணக்கை வைத்துத்தான் ஏரியிலிருந்து வயல்களுக்கு நாள் கணக்கில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். மண்ணுக்குள் இறங்குவதைத் தனியாக அளந்து அதையும் சேர்த்திருந்தோம். அந்தக் கணக்குப்படி ஒரு முறை விட்ட தண்ணீர் அடுத்த முறை வரும்வரை நிற்க வேண்டும். நிற்கவில்லை. வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடை வயல்கள் வெடிப்பு விட்டன. விட்ட தண்ணீர் எங்கே போனது என்று ஊர் கேட்டது. மேலிடம் எங்களைக் கேட்டது. பெரிய சார் கணக்கைப் பார்த்து எழுதி அனுப்பினார்: சூரிய வெப்பத்தால் இவ்வளவுதான் ஆவியாக முடியும், மீதி வேறு வழியில் போயிருக்கிறது.

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வேறு வழி என்றால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். மதகைத் திறந்து மூடி வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்துக் கொடுக்கிற நீர்க்கட்டி எட்டியப்பன். வாய்க்காலை ஒட்டிக் கரையான்சாவடிக்காரர் காதர் பாயின் மல்லிகைத் தோட்டம் இருந்தது, ஊரே காய்ந்தபோதும் அது மட்டும் பச்சையாக நின்றது. அவ்வளவு போதாதா? எட்டியப்பன் பாய்க்குத் தண்ணீரைத் திருப்பி விடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நீர்க்கட்டிக்கென்று ஊர் விட்டிருந்த மானிய வயலே கடைமடையில்தான் இருந்தது, அதுவும்தான் வெடித்துக் கிடந்தது. அதையும் நடிப்பு என்றார்கள்.

விசாரணைக்கு டிவிஷன் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. அவர் வருவதற்கு முந்தின நாள் காலையில் எட்டியப்பன் வேலிக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"சூரியன் இவ்ளோதான் குடிச்சிச்சுன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்களாமே சார்? மீதிய நான் குடிச்சிட்டேன்னு ஊரு சொல்லிகினு கீது."

"உங்க பேரை நாங்க எழுதல."

"பேரு இன்னாத்துக்கு சார்? மதகுச் சாவி என் கையிலதான கீது. நாளைக்கு ஆபீசரு அத்த வாங்கிக்கினு போயிடுவாருன்னு மணியக்காரரு சொல்றாரு."

மடியிலிருந்து சாவியை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் செருகிக்கொண்டார்.

"எங்க நைனா காலத்துலருந்து நாங்கதான் பிரிச்சுக் குடுத்துகினு வரோம். ஒருத்தன் ஒரு சொல்லு சொன்னதில்ல. இப்போ பொண்டாட்டிகூட மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கறா. அத்த வுடுங்க. நானே நம்பிட்டேன் சார். எவனோ தொறந்துகினுதான் போறான்னு நெனச்சிகினு என் மச்சான் ஊட்டாண்ட போயி சண்ட போட்டுட்டு வந்துட்டேன். கணக்குன்னு எழுதி வந்துட்டா அது பொய்யாவா இருக்கும்?"

இந்தக் கடைசிக் கேள்வி என்னைச் சுட்டது. அவர் எங்களைக் குற்றம் சொல்ல வந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். நம்பிக்கொண்டல்லவா வந்து நின்றார்?

அவர் போன பிறகு உட்கார முடியவில்லை. என் மதிய அளவுகளை இடம் மாற்றாமல், நான் எழுதினது எழுதினபடியே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செலவு வரவைத் தாண்டியது. சூரியன் கொடுத்த வெப்பத்துக்கு மேல் தண்ணீர் ஆவியாகியிருந்தது. பைத்தியக்காரக் கணக்கு. பெரிய சார் பார்த்தால் சிரித்திருப்பார். ஆனால் வயலில் காணாமல் போன தண்ணீருக்கும் இந்தப் பைத்தியக்காரக் கணக்குக்கும் ஏறக்குறைய ஒத்துப்போயிற்று.

மதியம் கம்பத்தடியில் போய் நின்றேன். மேல்காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் முகத்தில் அடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினேன். முழங்காலுக்குக் கீழே ஜில்லென்று இருந்தது, காதும் மூக்கும் எரிந்தன. தர்மாமீட்டரைப் பார்த்தேன். கீழே குறைவு, மேலே அதிகம். இரண்டையும் கழற்றி, மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். பாதரசம் மெதுவாக நகர்ந்தது. இப்போதும் கீழேதான் குறைவு. கருவியிலும் கோளாறு இல்லை, என் கண்ணிலும் கோளாறு இல்லை. அப்போது வந்த அழுகையை அடக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன்.

பெரிய சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயலுக்கு வாருங்கள் என்றேன். வெயில் தாழட்டும் என்றார். வெயில் தாழ்ந்தால் கடல் காற்று வந்துவிடும், எல்லாம் பழையபடி ஒழுங்காகிவிடும், இப்போதே வாருங்கள் என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். அவர் கையைக் கழுவிக்கொண்டு குடையை எடுத்தார். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

கம்பத்தருகே வந்து நெடுநேரம் பார்த்தார். குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டு மேற்கே திரும்பி நின்றார். வெந்து கிடந்த அந்தத் தரிசைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"வெப்பம் மேலேருந்து மட்டும்தான் வரும்னு வெச்சுட்டோம். இது பக்கத்து நிலத்துலேருந்து காத்தோட வருது தம்பி. அங்கே ஆவியாக்கத் தண்ணி இல்லே. அந்தச் சூடு மொத்தமும் இந்தப் பச்சையில வந்து விழுது. போன வருஷமெல்லாம் சுத்தியும் பயிர் இருந்தது, நமக்குத் தெரியல."

"ஆமா சார்."

"நீ சரியாத்தான் எழுதியிருக்கே. தினம் தினம் நான் அதைத் தப்பாக்கியிருக்கேன்."

எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெரிய படிப்புக்காரர்களோடு வேலை செய்திருக்கிறேன். பார்த்த உடனே ஒப்புக்கொண்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மறுநாள் அதிகாரி குதிரை வண்டியில் வந்து இறங்கினார். விசாரணைக்கு முன்னால் பெரிய சார் அவரைத் தனியாக அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார். நான் கூடவே இருந்தேன். அதிகாரி முட்டாள் இல்லை, சட்டென்று புரிந்துகொண்டார். புரிந்ததும்தான் அவர் முகம் கறுத்தது.

"திருட்டு என்றால் அதை நிறுத்தினால் தண்ணீர் போதும். காற்றுதான் குடிக்கிறது என்றால் ஏரியில் இருக்கிறது அறுவடை வரைக்கும் வராது. அப்படித்தானே?"

"கடைமடை வரைக்கும் வராது" என்றார் பெரிய சார்.

"அதை நான் இவர்களிடம் சொல்ல வேண்டுமா? நீர்க்கட்டியை மாற்றிவிட்டுப் போனால் ஊர் அமைதியாகிவிடும். அதற்குள் ஒரு கோடை மழை வரலாம் இல்லையா?"

"வந்தால் நல்லது. வராவிட்டால் எல்லா வயலுக்கும் அரைகுறையாக விட்டு, கதிர் வருகிற நேரத்தில் மொத்தத்தையும் சாகடிப்போம். இப்போதே கடைமடையை விட்டால் மற்றது பிழைக்கும்."

"உங்கள் கணக்கு மறுபடியும் தப்பாக இருந்தால்?"

பெரிய சார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய கையெழுத்து எதிலும் நான் போட்டதில்லை. "இந்த முறை நான் எதையும் திருத்தவில்லை" என்று அவர் அதிகாரியிடம் சொன்னார்.

மதகு மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஊரே கரையில் நின்றது. எட்டியப்பன் சாவியைக் கையில் தயாராகவே வைத்திருந்தார். முதலில் காதர் பாயைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

"கெணத்தாண்ட வந்து பாருங்க ஐயா. ஏத்தம் எறச்சு எறச்சு காப்புக் காச்சிப் போயி கீது. வாய்க்கால் தண்ணி எனக்குக் கெடச்சிருந்தா கையி இப்பிடியா இருக்கும்?"

பிறகு பெரிய சார் எழுந்து நின்று, உங்கள் தண்ணீரை யாரும் திருடவில்லை, மேல்காற்று எடுத்துக்கொண்டு போயிற்று, அது தெரியாமல் கணக்குப் போட்டது நான், எட்டியப்பன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார். நீட்டி முழக்கவில்லை. அதிகாரி தன் பங்குக்கு மீதியைச் சொன்னார். கடைமடைக்கு இனித் தண்ணீர் கிடையாது.

ஊர் சந்தோஷப்படும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். பிள்ளைப் புத்தி. திருடன் இருந்தவரை அவர்களுக்கு ஒரு வழி இருந்தது, அவனைப் பிடித்தால் தண்ணீர் வந்துவிடும். அந்த வழியை நாங்கள் பிடுங்கிக்கொண்டோம். கடைமடைக்காரர் ஒருவர் மட்டும் கேட்டார்.

"காத்து மேல எங்க போயி பிராது குடுக்கறது ஐயா?"

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெரிய சாருக்கு அந்த வருஷம் வர வேண்டிய உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதிய அளவில் அவர் கை வைக்கவில்லை. சந்தேகம் வந்தால் குடையை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்து வந்துவிடுவார். இன்றைக்கும் மேல்காற்று அடித்தால் அந்தக் கறுப்புக் குடை வரப்பில் ஆடி ஆடி வருவது எனக்குத் தெரிகிறது. அவர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை.

கோடை மழை வரவில்லை. மேல் வயல்களில் அறுவடை நடந்தது, கணக்கு சரியாகவே இருந்தது. ஆகவே பொருந்தாத அளவு வந்தால் திருத்தாதீர்கள். போய்ப் பாருங்கள், வெயிலில் போய்ப் பாருங்கள். பொருந்தாதது எந்த நிலத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள். இது நான் சொல்ல வந்தது. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது இதுவல்ல, விசாரணை முடிந்த அன்று மாலை நடந்தது.

கடைமடைக்குப் போகிற வாய்க்காலை அடைக்க வேண்டும். நீர்க்கட்டி வேலை அது. எட்டியப்பன் மண்வெட்டியும் கூடையுமாகத் தனியாகப் போவதைப் பார்த்துப் பின்னால் போனேன். எதற்கு என்று தெரியவில்லை. அவர் பேர் காப்பாற்றப்பட்டதில் எனக்கும் பங்கு உண்டு என்று ஒரு நல்ல வார்த்தை எதிர்பார்த்தேனோ என்னவோ. அடைப்புக்கு அந்தப் பக்கம் முதல் வயலே அவருடைய மானியம். பயிர் இன்னும் பச்சை விட்டுப் போகவில்லை. அவர் கரையை வெட்டி வாய்க்கால் வாயில் மண்ணைத் தள்ளினார். தண்ணீர் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டு நின்றது.

"உங்க சாவி உங்ககிட்டயே இருக்கு இல்ல?" என்றேன், வேறு பேச்சு வராமல்.

"கீது சார்." மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "திருடன்னு சொல்லிகினு இருந்தப்போ பயிராவது நின்னுகினு இருந்திச்சு. இப்போ நல்லவன்னு சொல்லிட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அடைப்பின் ஓரத்தில் நூல் போலத் தண்ணீர் அந்தப் பக்கம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். விட்டுவிட்டால் அவர் வயலுக்குத்தான் போகும். யாரும் கேட்கப் போவதில்லை, நானும் சொல்லப் போவதில்லை.

"இன்னும் ஒரு கூட மண்ணு போட்டாத்தான் கசிவு நிக்கும். அந்தாண்ட புடிங்க சார்" என்றார்.

நான் கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.